நிறுவனங்கள் கொள்கை பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வணிக நிறுவனம் ஒன்று அரசியல், சமூக விவகாரங்களில் வாய் திறக்கலாமா என்ற வாதம் புதிதன்று. சட்டத்துக்கும் போட்டியின் விதிகளுக்கும் உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் எழுதினார். 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'பிசினஸ் ரவுண்ட்டேபிள்' அமைப்பைச் சேர்ந்த 181 தலைமைச் செயல் அதிகாரிகள், பங்குதாரர்களுக்கு மட்டுமன்றி ஊழியர், வாடிக்கையாளர், சப்ளையர், சுற்றியுள்ள சமூகம் ஆகிய எல்லாருக்கும் தாங்கள் கடமைப்பட்டிருப்பதாகக் கையொப்பமிட்டனர். இவ்விரண்டில் எதை ஏற்பவராயினும், பேசத் துணிந்த நிறுவனங்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே என்பதைக் காணலாம்: இயக்குநர் குழு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயத்தை விளம்பரப் பிரிவின் கையில் விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விடும்போது முதலில் நேர்வது, தன் வீட்டுக் கணக்கைப் பார்க்காமல் ஊருக்கு உபதேசம் செய்வது. 2017 மார்ச்சில், சர்வதேச மகளிர் தினத்தை ஒட்டி, ஸ்டேட் ஸ்ட்ரீட் குளோபல் அட்வைசர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட்டின் புகழ்பெற்ற காளைச் சிலைக்கு எதிரே, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறுமியின் வெண்கலச் சிலையை நிறுவியது. நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்பது அதன் செய்தி. சிலையைக் காணக் கூட்டம் திரண்டது. அதே ஆண்டு அக்டோபரில், உயர் பதவிகளில் இருந்த பெண்களுக்கும் கறுப்பின ஊழியர்களுக்கும் ஊதியம் குறைவாகத் தரப்பட்டது என்ற அமெரிக்கத் தொழிலாளர் துறையின் குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள அதன் தாய் நிறுவனம் 50 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. குற்றச்சாட்டை அது ஏற்கவில்லை. அத்துறையின் தணிக்கை ஆராய்ந்ததோ, சிலைக்குச் சில ஆண்டுகள் முந்தைய ஊதியப் பட்டியல்களைத்தான். நியாயமாகப் பார்த்தால் இதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தணிக்கை நடந்துகொண்டிருப்பது நிறுவனத்துக்குள் யாருக்கோ தெரிந்துதானே இருந்திருக்கும்? அந்த யாரோ ஒருவரையும், சிலைக்கு ஒப்புதல் தந்தவரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் இங்கே செய்யவேண்டிய வேலை. ஊதிய வேறுபாடு, பதவி உயர்வுகள், நிலுவையிலுள்ள புகார்கள், சப்ளையர்களின் தொழிற்கூட நிலை ஆகியவற்றை மனிதவளப் பிரிவும் நிதிப் பிரிவும் சரிபார்த்து முடித்த பிறகே அறிக்கையின் முதல் வரி எழுதப்பட வேண்டும்.

அந்தச் சரிபார்ப்பில் அரசியல் நன்கொடைகளும் அடங்கும். 2021 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பின், தேர்தல் முடிவைச் சான்றளிக்க மறுத்த உறுப்பினர்களுக்கு நன்கொடையை நிறுத்துவதாகப் பல நிறுவனங்கள் அறிவித்தன. அவற்றுள் சில ஓசையின்றித் திரும்பவும் கொடுக்கத் தொடங்கின. அத்தகைய உறுப்பினர்களுக்குக் கொடுத்துவந்த டொயோட்டாவின் அரசியல் நன்கொடை நிதிக்குழு முதலில் அதை நியாயப்படுத்திப் பேசி, கண்டனம் வலுத்ததும் 2021 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. நன்கொடைப் பட்டியல்கள் பொது ஆவணங்களாக உள்ள நாடுகளில் வாய் ஒன்று சொல்ல, பணப்பை வேறொன்று சொன்னால், பத்திரிகையாளர் ஒருவரின் ஒரு பிற்பகல் உழைப்பில் அது வெளியே வந்துவிடும். வணிகச் சங்கங்களுக்குச் செலுத்தும் சந்தாவை நிறுவனங்கள் அநேகமாக மறந்தே போகின்றன. பருவநிலை மாற்றம் குறித்து உருகும் ஒரு நிறுவனத்தின் சந்தாவில், அதற்கான சட்டத்தை எதிர்த்து வாதாடும் சங்கம் நடந்துகொண்டிருக்கக் கூடும்.

பிறருடைய போராட்டத்தை அலங்காரமாக எடுத்தாள்வது அடுத்த தவறு. 2017 ஏப்ரலில் வந்த பெப்சி விளம்பரத்தில், ஊர்வலம் ஒன்றில் ஒரு மாடல் அழகி காவலருக்குக் குளிர்பானம் நீட்டியதும் பதற்றம் தணிந்தது. அந்த ஊர்வலம் எதற்காக என்பதை விளம்பரம் சொல்லவே இல்லை. ஒரே நாளில் அது திரும்பப் பெறப்பட்டு, மன்னிப்பும் கேட்கப்பட்டது. உண்மையில் அடிபட்டவர்களிடம் முன்கூட்டியே காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம் அது.

நிலைப்பாட்டின் சுமையைக் கடைநிலை ஊழியரின் தலையில் ஏற்றுவதும் கூடாது. 2015 மார்ச்சில் ஸ்டார்பக்ஸ், இன உறவுகள் பற்றிய உரையாடலைத் தூண்டும் வாசகத்தைக் காபிக் கோப்பைகளில் எழுதும்படி தன் கடை ஊழியர்களை ஊக்குவித்தது. வரிசை நீண்டு நிற்க, மணிக்கணக்குக் கூலிக்கு உழைப்பவர், நூற்றாண்டுகளாகப் புரையோடிய ஒரு பிரச்சினையை முன்பின் அறியாதவரிடம் தொடங்க வேண்டும்! சுமார் ஒரு வாரத்தில் கோப்பைகளில் எழுதுவது நின்றது.

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் விளைவிப்பது பாதியில் பின்வாங்குவது. 2023 ஏப்ரலில் பட் லைட் பீர் நிறுவனம் ஒரு திருநங்கைச் சமூக ஊடகப் பிரபலத்துடன் சிறிய விளம்பரம் ஒன்றைச் செய்தது. புறக்கணிப்பு கிளம்பியதும் எவரையும் புண்படுத்தாத, எதையும் சொல்லாத அறிக்கை ஒன்றை வெளியிட்டு, விளம்பரப் பிரிவின் இரண்டு அதிகாரிகளை விடுப்பில் அனுப்பியது. எதிர்த்தவர்கள் திரும்பி வரவில்லை; ஆதரித்தவர்களும் கைவிடப்பட்டதாகக் கருதினர். அமெரிக்காவில் அதிகம் விற்கும் பீர் என்ற இடத்தை அவ்வாண்டே அது மொடெலோ எஸ்பெசியலிடம் இழந்தது. நைக்கியின் கதை வேறு. இன அநீதியை எதிர்த்துத் தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக்கை 2018 செப்டம்பரில் அது விளம்பரத்தில் முன்னிறுத்தியபோது காலணிகள் கொளுத்தப்பட்டன, பங்கு விலையும் முதலில் சரிந்தது, பிறகு மீண்டது. 2011 முதலே அவருடன் ஒப்பந்தம் வைத்திருந்த நிறுவனம் அது. தன் வாடிக்கையாளர் யார் என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது. (நைக்கியைப் புனிதமாக்கத் தேவையில்லை, 1990களில் அதன் சப்ளையர் தொழிற்கூடங்களைப் பற்றி எழுந்த புகார்கள் ஊரறிந்தவை.) முதல் வாரத்து வசைகளைத் தாங்க முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, முடியாது என்று பதில் வந்தால் தொடங்காமலிருப்பதே மேல்.

தொடங்காமலிருப்பதையும் உறுதியாகச் செய்ய வேண்டும். ஃபுளோரிடாவின் பள்ளிகளில் பாலினம், பாலியல் நாட்டம் குறித்த பாடங்களைக் கட்டுப்படுத்தும் மசோதாவைப் பற்றி டிஸ்னி முதலில் பொதுவெளியில் மௌனம் காத்தது. ஊழியர்கள் கொதித்த பின், 2022 மார்ச்சில், மசோதா மாநில செனட்டைக் கடந்த மறுநாள்தான் அதன் தலைமைச் செயல் அதிகாரி எதிர்ப்பைத் தெரிவித்தார். ஊழியருக்கு அது பிந்திய பேச்சு, மசோதாவை ஆதரித்த மாநில ஆளுநருக்கோ அவமதிப்பு. அதுவரை டிஸ்னியின் கட்டுப்பாட்டில் இருந்த, அதன் வளாகத்தின் சிறப்பு நிர்வாக மாவட்டம் மாநில அரசின் பிடிக்குள் சென்றது; வழக்குகள் 2024 வரை இழுத்தன.

அறிக்கையில் அளவுகோலும் கெடுவும் இல்லாதது கடைசித் தவறு. இதைச் சரியாகச் செய்த ஓர் உதாரணம் பழையது. ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் குழுவின் முதல் கறுப்பின உறுப்பினரான பாதிரியார் லியான் சல்லிவன், இனவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்யும் அமெரிக்க நிறுவனங்களுக்கு 1977இல் சில விதிகளை வகுத்தார்: உணவறையில் பிரிவினை கூடாது, சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்பன போல. கையொப்பமிட்டவர்கள் ஆண்டுதோறும் மதிப்பிடப்பட்டனர். 1985இல் அவர் இரண்டாண்டுக் கெடு விதித்தார். 1987 ஜூனில், தன் பெயரால் வழங்கிய அந்த விதிகள் போதவில்லை என்று தாமே அறிவித்து, நிறுவனங்கள் அந்நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.