பாயில் விதிக்கு ஒரு சிரிஞ்சும் மூன்று உப்புப் பாக்கெட்டும்

பிளஸ் ஒன் வகுப்பில் வாயு விதிகளைத் தொடங்கும் அன்று, பாயில் விதியின் சூத்திரத்தை (வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் × கன அளவு = மாறிலி) பலகையில் எழுதிவிடாதீர்கள். மாணவர்கள் முதலில் காற்றை அழுத்திப் பார்க்கட்டும்.

வேண்டியவை: ஊசியில்லாத 20 மி.லி. சிரிஞ்ச், எம்-சீல், ஒரு கிலோ உப்புப் பாக்கெட் மூன்று, சிறு பலகை, பிடிப்பான் பொருத்திய தாங்கி, ஸ்கேல்.

படி 1: தண்டை 20-இல் நிறுத்தி, சிரிஞ்சின் வாயை எம்-சீலால் அடைத்து நன்றாக இறுக விடுங்கள். பிறகு வாய் கீழே இருக்கும்படி தாங்கியில் நேராகப் பொருத்துங்கள்.

படி 2: தண்டின் தலையில் பலகையை வைத்து, பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். சரிந்துவிடாமல் ஒருவர் பக்கவாட்டில் கை கொடுக்கட்டும். ரப்பர் உராய்வால் தண்டு பாதியில் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு எடைக்கும் தண்டை லேசாக அமுக்கி விட்டு ஓர் அளவும், லேசாகத் தூக்கி விட்டு ஓர் அளவும் எடுத்துச் சராசரி காணுங்கள். ஏறத்தாழ 15, 12, 10 மி.லி. கிடைக்கும்.

படி 3: எடையையும் கன அளவையும் பெருக்கச் சொல்லுங்கள். 15, 24, 30 என்று வரும். மாறிலி எங்கே? இந்த இடத்தில் அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எடையே வைக்காதபோது தண்டின் மேல் என்ன இருந்தது என்று மட்டும் கேளுங்கள். யாராவது ஒருவர் "காற்று" என்பார். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

படி 4: அந்தக் காற்றின் எடையைக் கணக்கிடலாம். 20 மி.லி. வரையுள்ள அளவுக்கோட்டின் நீளத்தை ஸ்கேலால் அளந்து, 20-ஐ அதனால் வகுத்தால் உட்பரப்பு கிடைக்கும். 6.4 செ.மீ. என்றால் சுமார் 3.1 சதுர செ.மீ. கடல் மட்டத்தில் ஒரு சதுர செ.மீ. மேல் வளிமண்டலம் ஏறக்குறைய 1.03 கிலோ பாரமாக அழுத்துகிறது. ஆக, நாம் கை வைக்கும் முன்பே தண்டின் மேல் 3.2 கிலோ ஏறியிருக்கிறது! அதைக் கூட்டிப் பெருக்கினால் 64, 63, 62, 62. ராபர்ட் பாயிலும் 1662-இல் வெளியிட்ட தம் அட்டவணையில் இதைத்தான் செய்தார். வளைந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றிய பாதரசத்தின் உயரத்தோடு, வளிமண்டலத்துக்காகச் சுமார் 29 அங்குலத்தைக் கூட்டிக்கொண்டார்.

படி 5: சூட்டோடு சூடாகச் சார்லஸ் விதிக்குப் போங்கள் (அழுத்தம் மாறாதபோது வாயுவின் கன அளவு கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும்). 27 டிகிரி செல்சியஸில் 20 மி.லி. இருக்கும் காற்று, அழுத்தம் மாறாமல் 54 டிகிரியில் எவ்வளவு ஆகும்? பெரும்பாலோர் 40 என்பார்கள். படி 3-இல் செய்த அதே பிழை: சுழியைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டார்கள். கெல்வினில் (செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால்) அது 300-லிருந்து 327. எனவே விடை 21.8 மி.லி.தான். வரைபடம் போடும்போது வெப்பநிலை அச்சை -300-இல் தொடங்கச் சொல்லுங்கள். கோட்டைப் பின்னால் நீட்டி, அது -273-க்கு அருகில் அச்சைத் தொடுவதை அவர்களே பார்க்க இடம் வேண்டும்.