உப்புக்காற்றும் பிரேக் ஆயிலும்

மண்டபத்தில் மீன் பெட்டி ஏற்றும் எங்கள் மினி வேனில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்க ஆரம்பித்தது, அதுவும் பாம்பன் பாலத்து இறக்கத்தில் லோடோடு வரும்போது. பேட், லைனிங் எல்லாம் சரி, கசிவும் இல்லை. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் ஆயில் கறுத்துக் கிடந்தது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற வகை என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 வரை இறங்கிவிடலாம். சூட்டில் ஆவிக் குமிழி உண்டானால் பெடல் தரையைத் தொடும்.

மாற்றுவதில் பெரிய தொல்லை பிளீடர் நிப்பிள்தான், அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியே விட சக்கரத்துப் பக்கம் இருக்கும் சின்னத் திருகு. உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஓப்பன் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கிவிடும், அதனால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் சுத்தியலால் லேசாகத் தட்டி ரிங் ஸ்பானரில் திருப்பினேன், அசைந்தது. அப்புறம் மச்சான் பெடலை மிதித்துப் பிடிக்க, டப்பாவுக்குத் தூரத்திலிருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கி, குமிழி நின்று தெளிவான ஆயில் வரும்வரை விட்டோம். டப்பா நடுவில் காலியாகக் கூடாது, காற்று புகுந்துவிடும்.

பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், உரித்துவிடும். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கவே வேண்டாம். நான் சின்ன பாட்டிலாகத்தான் வாங்குகிறேன். திறந்து மிஞ்சியதை நம்ம ஊர்க் காற்றில் எடுத்து வைப்பதில்லை.