பாட்டிலில் தொடங்கும் வட்டிக் கணக்கு

மண் உண்டியல் பிள்ளையைக் காசு சேர்க்கப் பழக்கும், கணக்குப் பார்க்கப் பழக்காது. உள்ளே எவ்வளவு இருக்கிறதென்றே தெரியாதே! காலி ஹார்லிக்ஸ் பாட்டில் இரண்டை எடுத்து ஒன்றில் 'செலவு', இன்னொன்றில் 'சேமிப்பு' என்று எழுதி ஒட்டுங்கள்.

ஏழெட்டு வயதிலிருந்து பிள்ளைக்குக் கைச்செலவுக்கு வாரம் 50 ரூபாய் போதும். ஒற்றை நோட்டாகக் கொடுக்காதீர்கள். ஐந்து பத்து ரூபாயாக இருந்தால்தான் பிரித்துப் போட முடியும். ஞாயிறு கொடுத்தது புதனன்றே தீர்ந்தால் தீர்ந்ததுதான். பாவம் என்று இருபது ரூபாய் நீட்டினீர்களோ, எல்லாம் போச்சு. பெரும்பாலும் கெடுவது இங்கேதான், அதுவும் தாத்தா பாட்டி கையால். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சேமிப்பு பாட்டிலுக்கு மாதக் கடைசியில் நூற்றுக்கு 5 ரூபாய் வட்டி நீங்களே போடுங்கள். வங்கி அளவுக்குக் கொடுத்தால் மாதம் சில காசுதான் வரும், குழந்தைக்கு உறைக்காது. கணக்கைப் பிள்ளையே நோட்டில் எழுதட்டும்: 100, 105, 110.25. அந்த 25 காசு எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது, வட்டிக்கும் வட்டி உண்டு என்று சொன்னால் பிடிபடும். தொடாமல் விட்ட 100 ரூபாய் பன்னிரண்டு மாதத்தில் ஏறக்குறைய 179.59 ஆகும். வெறும் 5 ரூபாயாகக் கூட்டினால் 160தான்.

ஆட்டோவுக்குச் சில்லறை இல்லையென்று அந்த பாட்டிலில் நீங்கள் கை வைத்தால், நோட்டில் எழுதி வட்டியோடு திருப்புங்கள்.

500 சேர்ந்ததும் தபால் நிலையத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். 10 வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே தொடங்கித் தானே கையாளலாம். அங்கே வட்டி வருடத்துக்கு 4 சதவீதம். 500க்கு 20 ரூபாய். வீட்டில் மாதமே 25 கிடைத்த பிள்ளைக்கு முகம் சுருங்கும். அப்போது உடைத்துச் சொல்லுங்கள்: வீட்டு வட்டி விளையாட்டுக்கு. ஊரில் 'ரெண்டு வட்டி' என்றால் மாதம் நூற்றுக்கு 2, வருடத்துக்கு 24. 'அஞ்சு வட்டி தருகிறோம்' என்று எவராவது பணம் கேட்டால் அது வருடத்துக்கு 60. அவ்வளவு லாபம் எந்தத் தொழிலில் வரும் என்று பிள்ளையையே கேளுங்கள்.

பங்குச்சந்தைக்குப் பதிமூன்று வயது வரட்டும். தின்னும் பிஸ்கட்டைத் தயாரிக்கும் கம்பெனியின் பங்கு ஒன்றை வாங்கியதாக நோட்டில் எழுதி, வெள்ளிக்கிழமை விலையை மட்டும் ஆறு மாதம் குறிக்கட்டும். தினமும் பார்க்க விடாதீர்கள். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஆகிவிடும்.