ஆடியில் விதைத்துப் பனியில் பறிக்க, நாட்டுக் கொடி அவரை

மாடித்தோட்டம் போடுகிறவர்களில் பலர் அவரைக்கொடியைப் புரட்டாசியிலேயே பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். பந்தல் முழுக்க இலை அடர்ந்து கிடக்கும், தேடிப் பார்த்தாலும் ஒரு பூ இருக்காது. விதை மோசம் என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் வருடம் நானும் அரிவாளோடு போய் நின்றேன். "பனி எறங்கட்டும் கண்ணு, அதுவரைக்கும் அதைத் தொடாதே" என்று அம்மாயி தடுத்தார். கார்த்திகையில் அதே கொடி பூவாய்ப் பூத்தது. நாட்டு அவரையை வளர்க்க வேண்டும் என்றால் முதலில் இந்தக் காத்திருப்புக்குத் தயாராகுங்கள். மற்ற வேலையெல்லாம் எளிது.

விதை

வாங்கும்போதே கொடி அவரையா, செடி அவரையா என்று கேட்டுவிடுங்கள். செடி அவரை எல்லாப் பட்டத்திலும் (விதைக்கும் பருவத்திலும்) காய்க்கும், பந்தலும் வேண்டாம். நாம் பேசுவது பட்டை அவரை, கோழி அவரை போன்ற கொடி ரகங்களைப் பற்றி. விதைத் திருவிழாக்களில் கிடைக்கும். ஊரில் பழைய பந்தல் வைத்திருக்கும் வீடுகளில் கேட்டாலும் கொடுப்பார்கள். அவரை விதையை அடையாளம் காண்பது சுலபம்: ஒரு ஓரத்தில் பிறை போல வெள்ளைக் கோடு தடிப்பாக ஓடும். மூக்குத்தி அவரை என்று ஒன்று தருவார்கள். அது பெயரில்தான் அவரை. உண்மையில் தாளிக்கீரை குடும்பத்துக் கொடி, அதன் வளர்ப்பு வேறு.

குழியும் விதைப்பும்

ஆடிப்பட்டம்தான் சரியான பட்டம், அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. தரையில் என்றால் 1 அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்காதபடி மண் சற்று மேடாகவே இருக்கட்டும். மாடியில் 20 லிட்டர் பக்கெட் அளவுக்குக் குறையாத பை வேண்டும். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு.

விதையை 4 மணி நேரம் ஊறவைத்து, குழிக்கு 3 விதை, ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் முளைத்துவிடும். நாலு இலை வந்ததும் நன்றாக இருக்கும் ஒன்றையோ இரண்டையோ விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும்.

பந்தல்

பாகல், பீர்க்கு மாதிரி அவரைக்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டே சுற்றிக்கொண்டு ஏறும். அதனால் கொடிக்கு வேண்டியது மேலிருந்து நேராகத் தொங்கும் சணல் கயிறு. நாலு சவுக்குக் கழி நட்டு, 6 அடி உயரத்தில் குறுக்கே கம்பியோ கயிறோ கட்டினால் போதும். எட்டிப் பறிக்கிற உயரத்துக்கு மேல் போகாதீர்கள். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வெடித்துப் பரவும்.

காத்திருக்கும் காலம்

ஆவணி, புரட்டாசி முழுக்க இலைதான். பனியில்தான் பூக்கும் என்று பெரியவர்கள் சொல்வது மாதக் கணக்குக்குச் சரி. ஆனால் கொடி முக்கியமாகக் கணக்கு வைப்பது இரவின் நீளத்தை. கோவைப் பக்கம் ஜூனில் பகல் ஏறக்குறைய 12 மணி 45 நிமிடம், டிசம்பரில் 11 மணி 30 நிமிடம். இந்த ஒன்றேகால் மணி நேர வித்தியாசம்தான் பூவைக் கொண்டுவருகிறது. இரவு முழுக்க விளக்கு விழும் மூலையில் பந்தல் போடாதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

பூக்கவில்லையே என்று யூரியா போடுவதுதான் இந்த நேரத்தில் செய்யும் பெரிய தவறு. இலைதான் இன்னும் கூடும். அவரைக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதியை அதன் வேரே தேடிக்கொள்கிறது. கொடியின் அடியில் மண்ணைக் கொஞ்சம் விலக்கி வேரைப் பாருங்கள், கடுகு மாதிரி சின்ன முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். 15 நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்து நொதிக்கவைத்த கரைசல்) கொடுங்கள், அது போதும்.

அசுவினி

பூங்கொத்து வந்த உடனே சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான கருப்பு அசுவினியும் வந்துவிடும். காம்பில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே அசுவினி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நாளே பிடித்துவிட்டால், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போய்விடும். அதிகமாகிவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் நன்றாகக் கலக்கி, தேனீ அடங்கிய பிறகு, மாலையில் அடியுங்கள். விடியலில் பனி ஈரத்தோடு இருக்கும் கொத்தில் விறகுச் சாம்பல் தூவுவது எங்கள் வீட்டுப் பழக்கம். பொறிவண்டு கண்ணில் பட்டால் இரண்டு நாள் எதுவும் அடிக்காதீர்கள். அசுவினியை அதுவே தின்னும்.

பறிப்பு

மார்கழி, தையில் காய் குவியும், பொங்கல் குழம்புக்கு வெளியே வாங்க வேண்டியிருக்காது. விதை புடைக்கும் முன்பே பறியுங்கள். ஒரே கொத்தின் அடியில் காய் இருக்கும்போது நுனியில் பூ இருக்கும். கொத்தை ஒடிக்காமல் காயை மட்டும் கிள்ளி எடுங்கள். முற்றிக் காய்ந்த பருப்பைச் சமைப்பதாக இருந்தால் இரவு ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும்.

விதைக்கு

நன்றாகக் காய்க்கும் கொடியில் பத்துப் பதினைந்து காயைப் பறிக்காமல் துணி கட்டி அடையாளம் வையுங்கள். கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்போது எடுத்து உரித்து, வண்டு துளைத்ததைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, காய்ந்த சாம்பலோடு சீசாவில் அடைத்துவிடுங்கள். ரகத்தின் பெயரையும் பறித்த மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். இரண்டு ரகம் ஒரே பந்தலில் ஏறியிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், தேனீ வந்துபோன பந்தலில் கொஞ்சம் கலப்பு இருக்கலாம்.