புதியதை விட்டுப் பழையதற்கு மாறிய கதை

எந்நேரமும் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் லினக்ஸ் இயங்குதள வகை ஒன்றை மடிக்கணினியில் வைத்திருந்தேன். எல்லாம் புத்தம் புதிது, வினையே அதுதான். ஒரு காலை, நான் நிரல் எழுதும் பைத்தான் மொழியின் பதிப்பு மாறிவிட, என் மெய்நிகர்ச் சூழல்கள் (வேண்டிய நிரல்தொகுப்புகளைக் கணினியிலிருந்து பிரித்துத் தனியே வைக்கும் இடங்கள்) அத்தனையும் படுத்துவிட்டன. மாலைக்குள் வேலையை ஒப்படைக்க வேண்டும்!

அன்றிரவே, பதிப்புகளை எளிதில் மாற்றாத டெபியன் 12 என்ற லினக்ஸுக்கு மாறினேன். என் கோப்புகளை வைத்திருக்கும் ஹோம் கோப்புறை வட்டின் தனிப் பகிர்வில் இருந்ததால் அவை தப்பின. வைஃபை சில்லை இயக்கும் ஃபர்ம்வேர் மென்பொருளும் நிறுவியிலேயே வந்துவிட்டது.

அதில் பைத்தான் 3.11 தான், கடைசிவரை அதுவே. நண்பர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். புதிய பதிப்பு கேட்கும் திட்டத்தை மட்டும் பாட்மேன் என்ற கருவி தரும் கொள்கலனுக்குள் (மற்றதைத் தொடாத தனி அறை மாதிரி) ஓட்டுகிறேன்.

முதல் நாள், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் ‘பிப்’ கருவி எதையும் நிறுவ மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. கணினியின் சொந்தப் பைத்தானைக் காக்கும் பூட்டு அது. உடைக்கும் வழியையும் பிழைச்செய்தியே சொல்கிறது. நான் உடைக்கவில்லை, திட்டத்துக்கு ஒரு மெய்நிகர்ச் சூழல் என்று பிரித்துவிட்டேன்.