மதுரையில் சின்ன கார் வாங்கப் போகிறீர்களா? மைலேஜையும் டிக்கியையும் இப்படிப் பாருங்கள்

முதல் கார் வாங்குகிறவர்கள் பலர் மாடலை முடிவு செய்துவிட்டுத்தான் விசாரிக்கவே ஆரம்பிக்கிறார்கள். மச்சான் வைத்திருக்கிறார், எதிர்வீட்டில் நிற்கிறது, கலர் பிடித்துவிட்டது. அதை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். ஒரு தாள், ஒரு இன்ச் டேப், வீட்டில் அடிக்கடி ஏற்றி இறக்கும் சாமான் ஒன்று, இந்த மூன்றும் இருந்தால் போதும். மாடல் தானாக முடிவாகிவிடும்.

1. ஓட்டத்தையும் சுமையையும் எழுதுங்கள்

ஒரு மாதத்தில் வண்டி எங்கெங்கே ஓடும், என்ன ஏற்றும் என்று எழுதிப் பாருங்கள். வில்லாபுரத்தில் வீடு, கீழமாசி வீதியில் சரக்கு எடுப்பது என்றால் கிலோமீட்டர் குறைவு, ஆனால் முக்கால்வாசி நேரம் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும்தான் ஓடும். திருமங்கலத்திலிருந்து தினமும் வந்து போகிறவருக்கு நான்குவழிச் சாலை. உசிலம்பட்டி தாண்டி தேனி, போடி பக்கம் சொந்தபந்தம் இருந்தால் மலை ஏற்றமும் கணக்கில் வரும். மூன்று பேருக்கும் ஒரே கார் சரிப்பட்டு வராது.

சுமையும் அப்படித்தான். அரிசி மூட்டை, எண்ணெய் டின் எல்லாம் கனமானவை, இடம் குறைவாகப் பிடிக்கும். மாட்டுத்தாவணியில் எடுக்கும் பூ மூட்டைக்குக் கனமே இல்லை, ஆனால் இடத்தை அடைத்துவிடும். குலதெய்வம் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அண்டா, வாழையிலைக் கட்டு, அடுப்பு. (கிடாவுக்குத் தனியாக ஒரு குட்டியானை பிடித்துக்கொள்ளுங்கள்.)

2. விளம்பர மைலேஜைக் கழித்துப் பாருங்கள்

"லிட்டருக்கு 25 குடுக்கும் சார்" என்று ஷோரூமில் சொல்வது பொய்யில்லை. அது ஏஆர்ஏஐ (வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் இந்திய அமைப்பு) சோதனையில் வந்த எண். சோதனைக்கூடத்தில் உருளைமேல் காரை நிறுத்தி, ஏசி போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி எடுத்தது. அங்கே கோரிப்பாளையம் சிக்னலும் இல்லை, மே மாத வெயிலும் இல்லை. ஊருக்குள் ஓடும் வண்டி என்றால் அந்த எண்ணில் 30 சதவீதத்தையும், ஹைவேயில் நிதானமாக ஓட்டுபவர் என்றால் 15 சதவீதத்தையும் கழித்துக்கொள்வது என் வழக்கம். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதனாலும் கொஞ்சம் குறையும்.

இதைவிட நல்ல வழி, அதே மாடல் வைத்திருப்பவரைப் பிடிப்பது. ஒரு பங்க்கில் டேங்க் ஃபுல் செய்து, டிரிப் மீட்டரை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, முக்கால் டேங்க் ஓடிய பிறகு அதே பங்க்கில் மறுபடியும் ஃபுல் செய்யச் சொல்லுங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். டாஷ்போர்டில் காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம், பல வண்டிகளில் அது கூடுதலாகவே காட்டும்.

3. மைலேஜ் வித்தியாசத்தை ரூபாயாக்குங்கள்

ஒரு கார் நிஜத்தில் 18 தருகிறது, இன்னொன்று 21 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் முதல் காருக்குச் சுமார் 56 லிட்டர், இரண்டாவதற்கு 48 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய் என்றால் மாதம் 800 ரூபாய் மிச்சம், வருஷத்துக்கு ஏறக்குறைய 9,500. அந்த 21 கிலோமீட்டர் காருக்கு 50,000 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியிருந்தால், போட்ட பணம் திரும்பவே ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓடும் என்றால் பத்து வருஷம். ஓட்டம் குறைவாக இருப்பவர்கள் மைலேஜுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, டிக்கியைப் பார்க்கலாம்.

4. டிக்கியை அளந்து பாருங்கள்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "265 லிட்டர்" என்று போட்டிருப்பார்கள். ஒரு லிட்டர் அளவுள்ள சின்னச் சின்னக் கட்டைகளை அடுக்கி எண்ணுவதுதான் பரவலாக இருக்கும் அளவுமுறை. மூலை முடுக்கில் எல்லாம் கட்டை நுழையும், உங்கள் மூட்டை நுழையாது.

காரின் நீளத்துக்கும் டிக்கிக்கும் நேரான சம்பந்தமும் இல்லை. ஸ்விஃப்ட் 3,860 மில்லிமீட்டர் நீளம், டிக்கி 265 லிட்டர். வேகன் ஆர் 3,655தான், ஆனால் டிக்கி 341. அது உயரமான வண்டி, இடம் மேல்நோக்கிப் போகிறது. செலேரியோ 313, டியாகோ 242, ஆல்ட்டோ கே10 வெறும் 214. இந்த எண்களை வைத்து நாலைந்து கார்களை இரண்டு மூன்றாகக் குறைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் டேப்தான் பேச வேண்டும்.

நான்கு இடங்களில் அளவெடுங்கள். கதவைத் திறந்ததும் வாயின் குறுகலான அகலம். உள்ளே இரண்டு சக்கர மேடுகளுக்கு நடுவில் தரையின் அகலம். தரையிலிருந்து டிக்கி விளிம்பு வரை உயரம். அந்த விளிம்பிலிருந்து உள்பள்ளம் எவ்வளவு ஆழம். கடைசி இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை, இடுப்பு வலி வந்த பிறகுதான் தெரியும். விளிம்பு உங்கள் முழங்காலுக்கு மேல் எவ்வளவு ஏறுகிறதோ, 26 கிலோ அரிசி மூட்டையை அவ்வளவு தூக்க வேண்டும். உள்ளே ஆழமான பள்ளம் என்றால் வெளியே எடுக்கும்போது குனிந்து இழுத்து மறுபடியும் தூக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் சரக்கு எடுப்பவர்களாக இருந்தால் லிட்டர் குறைந்தாலும் விளிம்பு தாழ்ந்த வண்டியை எடுங்கள்.

அப்புறம் பின்சீட்டு. 60:40 என்று பிரிந்து மடங்குகிறதா, முழுசாகத்தான் மடங்குமா? பிரிந்து மடங்கினால் ஒரு பக்கம் நீளமான சாமான், மறுபக்கம் ஒரு ஆள். சில கார்களில் இந்த வசதி மேல் வேரியண்டில்தான் வரும், நீங்கள் வாங்கப் போகும் வேரியண்டிலேயே மடக்கிப் பாருங்கள். மடக்கிய பின் தரை சமமாகிறதா, படி மாதிரி நிற்கிறதா என்பதும் முக்கியம். படி நின்றால் பெட்டிகள் ஆடிக்கொண்டே வரும்.

கடைசியாக, ஆரம்பத்தில் சொன்ன அந்த வீட்டுச் சாமானை ஷோரூமுக்கு எடுத்துக்கொண்டு போய் டிக்கியில் வைத்துப் பாருங்கள். வெட் கிரைண்டரோ காய்கறி கிரேட்டோ, கூச்சப்படாதீர்கள். பல லட்சம் கொடுக்கப் போகிறவர் நீங்கள்தான்.

5. எடைக் கணக்கு

இடம் இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. மொத்த எடை வரம்பிலிருந்து காரின் சொந்த எடையைக் கழித்தால் சின்ன கார்களில் சுமார் 400 முதல் 500 கிலோ வரும். ஐந்து பெரியவர்கள் 325 கிலோ என்று வைத்தால் மிச்சம் 75 முதல் 175 கிலோ, காரைப் பொறுத்து இரண்டு முதல் ஆறு அரிசி மூட்டைதான். ஃபுல் லோடுக்கு டயர் காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும்.

6. சிஎன்ஜி வேண்டுமா?

பெட்ரோலுக்குப் பதில் சிலிண்டரில் அடைத்த இயற்கை எரிவாயுவில் ஓடுவதுதான் சிஎன்ஜி. ஓட்டம் அதிகம் என்றால் லாபம்தான். ஆனால் பழைய முறையில் ஒரே பெரிய சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும், ஒரே ஒரு பை வைக்கத்தான் இடம் மிஞ்சும். டாடாவும் ஹூண்டாயும் இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கித் தரைக்கு அடியில் வைத்துத் தருகிறார்கள். சரக்கு ஏற்றுபவர் சிஎன்ஜி கேட்டால் அந்த வகையை மட்டும் பாருங்கள். சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். உங்கள் வழியில் கேஸ் பங்க் இருக்கிறதா, காலையில் வரிசை எப்படி என்பதை முன்னாலேயே போய்ப் பார்த்துவிடுங்கள்.

7. டெஸ்ட் டிரைவ்

ஷோரூம்காரர் காலியான ரிங் ரோட்டுக்குத்தான் கூட்டிப்போவார். நீங்கள் வழியை முடிவு செய்யுங்கள். வீட்டு ஆட்கள் நான்கு பேரை ஏற்றி, ஏசி போட்டு, ஒரு மதிய நேரத்தில் நெரிசலுக்குள் ஓட்டுங்கள். பிறகு ஏதாவது ஒரு மேம்பால ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி எடுங்கள். 1 லிட்டர் என்ஜின் ஊருக்குள் தாராளம். ஆனால் ஆள், சுமை, ஏசி மூன்றோடும் கொடைக்கானல் ஏறினால் மூச்சு வாங்கும், கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது மலை ஏறுபவர் 1.2 லிட்டர் எடுப்பதே நல்லது. மைலேஜில் பெரிய நஷ்டமும் இல்லை.

8. விலை

எக்ஸ்-ஷோரூம் விலையை (சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேராதது) விடுங்கள், ஆன்-ரோடு விலையை (எல்லாம் சேர்ந்தது) எழுத்தில் வாங்குங்கள். 4 மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், அது எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். தமிழ்நாட்டுச் சாலை வரி 5 லட்சத்துக்குள் 12 சதவீதம், அதைத் தாண்டி 10 லட்சம் வரை 13. இன்சூரன்ஸை வெளியிலும் விசாரியுங்கள், ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. டிசம்பரில் நல்ல தள்ளுபடி கிடைக்கும், ஆனால் விற்கும்போது ஒரு வருஷம் பழையதாகக் கணக்கு வைப்பார்கள். பத்து வருஷம் வைத்து ஓட்டுபவர் டிசம்பரில் வாங்கலாம், மூன்று நாலு வருஷத்தில் மாற்றுபவர் ஜனவரி வரை பொறுக்கலாம்.