நீக்கப்பட்ட கம்பனியை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த கம்பனியை மீண்டும் இயக்க முற்படுவோர், அது இப்போது எந்த நிலையில் உள்ளது என்று பாராமலே நிலுவைகளைச் செலுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். வருடாந்த அறிக்கை கொடுக்காத கம்பனி வேறு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்ட கம்பனி வேறு. முன்னதை, விடுபட்ட ஆண்டுகளுக்குரிய வருடாந்த அறிக்கைகளான 15ஆம் படிவங்களைத் தாமதக் கட்டணத்துடன் ஒப்படைத்துச் சீர்செய்யலாம். பின்னதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். வணிகப் பெயரை மட்டும் பதிந்து தனியாளாக வியாபாரம் செய்தவருக்கு இவ்விரண்டும் பொருந்தா. அவர் தமது பிரதேச செயலகத்தில் விசாரிப்பதே முறை.

எங்கள் ஊரில் பெரும்பாலான சிக்கல்களின் வேர் முகவரியில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். கஸ்தூரியார் வீதியில் வாடகைக்கு எடுத்த கடையைப் பதிவு அலுவலகமாகக் காட்டியவர், கடையை விட்டு வேறிடம் போனபின் 13ஆம் படிவத்தால் அதை அறிவிக்காவிட்டால், கம்பனிப் பதிவாளரின் கடிதங்கள் பழைய கடைக்கே போகும். வியாபாரம் நடைபெறுகிறதா என்று கேட்கும் கடிதத்துக்கும், அடுத்து வரும் பதிவுத்தபாலுக்கும் பதில் இல்லையென்றால் வர்த்தமானியில் அறிவித்தல் வெளியாகி, அதன்பின் பெயர் நீக்கப்படுகிறது. பணிப்பாளர் ஒருவர் கனடாவிலும் மற்றவர் கொழும்பிலும் இருக்கும் குடும்பக் கம்பனிகளில், வங்கி கணக்கை நிறுத்தும்வரை இது எவருக்கும் தெரிவதில்லை. ஆகவே முகவரியை 13ஆம் படிவத்தின் வழியாகவும், விலகிய அல்லது காலமான பணிப்பாளர்களின் விவரங்களை 20ஆம் படிவத்தின் வழியாகவும் முதலில் திருத்திவிட்டு மற்றவற்றுக்குச் செல்லுங்கள்.

விடுபட்ட ஆண்டுகளை நிரப்பும் அவசரத்தில், நடக்காத பொதுக்கூட்டங்களை நடந்தவையாகக் காட்டிப் பழைய திகதியிட்டுக் கூட்டக்குறிப்பு எழுதுவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். தாமதத்துக்குக் கட்டணம் உண்டு. பொய்க் கூற்றுக்குக் குற்றவியல் பொறுப்பு உண்டு. செயலாளர் விலகியிருந்தால் தகுதியுள்ள ஒருவரை நியமித்து, உள்ளதை உள்ளபடி பதியச் செய்யுங்கள்.

பதிவாளரிடம் காரியம் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தனி. மார்ச் 31இல் முடியும் வரியாண்டுக்கான விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்கும் கடமை, வியாபாரம் நடக்கவில்லை என்பதனால் தானாக நீங்கிவிடுவதில்லை. ஊழியர்கள் இருந்திருந்தால் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் பங்கு 12 வீதமும் ஊழியர் பங்கு 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கணக்கிடப்பட வேண்டும். சேமலாப நிதி நிலுவைக்கான மேலதிகக் கட்டணம் தாமதத்தோடு ஏறி 50 வீதம்வரை செல்லும். இவை உழைத்தவர்களின் பணம் என்பதால், கையிலுள்ள பணம் போதாதபோதும் இவற்றையே முதலில் தீர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழையதை அப்படியே விட்டுப் புதிய கம்பனி தொடங்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கம்பனி நீக்கப்பட்டபின்னும் பணிப்பாளர்களின் பொறுப்பு தொடர்கிறது. பழைய கம்பனியின் பெயரில் காணியோ வங்கிப் பணமோ இருந்தால் அது புதியதற்குத் தானாக வந்து சேராது. அத்தகைய சொத்து இருப்பவர்கள் மீட்பு விண்ணப்பத்தையே நாட வேண்டும். கட்டளை கிடைத்ததும் அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பதிவாளரிடம் ஒப்படைத்து, பதிவேட்டில் பெயர் மீண்டும் ஏறியதை உறுதிசெய்த பின்னரே வங்கிக்குச் செல்லுங்கள்.